கோர்பிரிட்ஜில் கைமாறிய கடிகாரங்கள்: 1846-இன் ஒரு சில்லறைத் திருட்டு

1846 பிப்ரவரி 28, சனிக்கிழமை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து தென்கிழக்கே சுமார் 10 மைல் தள்ளி இருக்கும் கோர்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் அன்று ரயில்பாதை வேலையாட்களுக்குச் சம்பள நாள். மதுக்கடையில் நிற்க இடமில்லை. ஊர் ஊராக மூட்டை தூக்கி விற்கும் வியாபாரி ஒருவர் உள்ளே வருகிறார். மூட்டையில் பாக்கெட் கடிகாரங்கள். வாங்குகிற முகங்கள் தெரிந்ததும் ஓரிரண்டை எடுத்து நீட்டி, பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார். கடிகாரம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது, அங்கிருந்து அடுத்த மேசைக்குப் போகிறது. திரும்பி வரவில்லை. காசும் வரவில்லை. கேட்டால், எந்தக் கடிகாரம் என்கிறார்கள்.

வியாபாரி போலீஸிடம் போனார். இரண்டு பேரைப் பிடித்து ஊர்க் காவல் நிலையத்தில் அடைத்தார்கள். வேறு எந்த ஊராக இருந்தாலும் மாவட்டப் பத்திரிகையில் நான்கு வரியோடு முடிந்திருக்க வேண்டிய சங்கதி. இங்கே விடிவதற்குள் காவல் நிலையம் உடைக்கப்பட்டது, ஒரு போலீஸ்காரர் உயிர்போகும் அளவுக்கு அடிபட்டார், திங்கட்கிழமை வரிசை வரிசையாகக் குடிசைகள் எரிந்தன. விக்டோரியா காலத்து ரயில் தொழிலாளர்களின் கைநீளத்தைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதியவர்களுக்குக் குறையே இல்லை. அவர்களில் பலர் இந்தச் சம்பவத்தை ‘பார்த்தீர்களா இவர்கள் லட்சணத்தை’ என்கிற பாணியில்தான் எடுத்துக் காட்டினார்கள். நான் அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் திறந்து உள்ளே பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அது சம்பள நாளில், மதுக்கடையில், வெளியூர் வியாபாரியிடமிருந்து போனது. இந்த மூன்றும் சேர்ந்தது தற்செயல் இல்லை.

யார் இந்த ஆட்கள்

எடின்பரோவிலிருந்து ஹாயிக் நகரம்வரை நார்த் பிரிட்டிஷ் ரயில்வே போட்டுக்கொண்டிருந்த பாதை அது. வேலையாட்களை ‘நாவி’ என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டியவர்களை ‘நேவிகேட்டர்’ என்று அழைத்தார்கள். அது சுருங்கி ரயில்பாதை வெட்டுபவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. கடற்படை நேவிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. குழப்பம் வேண்டாமென்று நாவி என்றே எழுதுகிறேன்.

மண் வெட்ட இயந்திரம் வராத காலம். கடப்பாரை, பிக்காசு, மண்வெட்டி, தள்ளுவண்டி, வெடிமருந்து, குதிரை, இவ்வளவுதான். தேர்ந்த நாவி ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் 20 டன் மண்ணை, தன் தலை உயரத்துக்கு மேலே இருக்கும் வண்டிக்குள் எறிவார். வயல் வேலையிலிருந்து வருகிற வாலிபர் அந்த அளவு வேலை செய்யும் உடம்பைத் தேற்ற ஒரு வருடம் பிடிக்கும். பத்துப் பதினைந்து பேர் ஒரு கேங், அதற்கு மேல் ஒரு கேங்கர். (நம்மூர் ரயில்வேயில் இன்றும் வழங்கும் ‘கேங்மேன்’ அந்த வம்சத்துச் சொல்தான்.)

உடுப்பிலும் ஆட்களை அடையாளம் தெரியும். மோல்ஸ்கின் என்ற தடித்த பருத்தித் துணியில் கால்சட்டை, ஆணி அடித்த பூட்ஸ், ஓரம் மடித்த வெள்ளைக் கம்பளித் தொப்பி, கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் கையில்லாத மேல்சட்டை, கழுத்தில் பளிச்சென்ற கைக்குட்டை. பேர் மட்டும் தெரியாது. ‘சண்டைக்கார ஜாக்’, ‘ஜிப்சி ஜோ’, ‘பெல்லரோஃபன்’ என்று பட்டப்பெயரில்தான் வாழ்ந்தார்கள். பல இடங்களில் கணக்குப்பிள்ளையின் ஏட்டிலும் அதே பேர்தான். இது பிறகு முக்கியமாகும்.

1846 ‘ரயில் பைத்தியம்’, அதாவது ரயில் கம்பெனிகளில் பணத்தைக் கொட்டும் மோகம், உச்சத்தில் இருந்த ஆண்டு. அந்த ஒரே வருடத்தில் 250-க்கு மேற்பட்ட ரயில் சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு மே மாதக் கணக்குப்படி பாதை போடும் வேலையில் மட்டும் 2,56,509 பேர் இருந்தார்கள். ஆள் கிடைக்காததால் கூலி ஏறியது. பிக்காசு பிடிக்கும் நாவிக்கு 1843-இல் வாரம் 16 ஷில்லிங் 6 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்) இருந்தது, 1846-இல் 24 ஷில்லிங். வயலில் உழைப்பவருக்கு எட்டாத தொகை. அயர்லாந்தில் 1845 இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியிருந்தது. கடல் தாண்டி வந்தவர்களின் கூட்டம் பெருத்தது. குறைந்த கூலிக்கு வேலைக்கு வருகிறார்கள், கத்தோலிக்கர்கள் என்று ஸ்காட்டியருக்கும் ஆங்கிலேயருக்கும் அவர்கள்மேல் ஏற்கெனவே காய்ச்சல். கோர்பிரிட்ஜுக்குச் சில வாரங்கள் முன்புதான் வட இங்கிலாந்தின் பென்ரித்தில் ஆங்கிலேய நாவிகளும் ஐரிஷ்காரர்களும் பெரிய கலவரம் செய்திருந்தார்கள். கோர்பிரிட்ஜ் மதுக்கடையில் கடிகாரம் கைமாறியது ஐரிஷ்காரர்களின் மேசைகளில்.

24 ஷில்லிங் எங்கே போனது

இவ்வளவு கூலி வாங்குபவர் ஏன் கடிகாரம் திருட வேண்டும்? நியாயமான கேள்வி. பதில் கூலியின் அளவில் இல்லை, அது கைக்கு வந்த விதத்தில் இருக்கிறது.

பாதை போடும் வேலையைக் கம்பெனியிடம் ஒப்பந்தத்துக்கு எடுத்து ஆள் வைத்துச் செய்தவர்கள் குத்தகைக்காரர்கள். ஒரு சில நல்லவர்களைத் தவிர மற்றவர்கள் வாரச் சம்பளம் கொடுக்கவில்லை. மாதம் ஒருமுறை என்பது சாதாரணம். ஷெஃபீல்டுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே உட்ஹெட் ரயில் சுரங்கப்பாதை வேலையில் ஒன்பது வாரத்துக்கு ஒருமுறைதான் பட்டுவாடா. அதுவரை சாப்பிட வேண்டுமே? கேங்கரிடமோ கணக்குப்பிள்ளையிடமோ போனால் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். சம்பளத்திலிருந்து முன்பணம், ஆனால் காசாக இல்லை. அந்தச் சீட்டு செல்லுபடியாவது குத்தகைக்காரரின் சொந்தக் கடையிலோ, அவருக்குப் பங்கு கொடுக்கும் கடையிலோ மட்டும். ‘டாமி ஷாப்’ என்று அதற்குப் பேர். டாமி என்றால் அவர்கள் பேச்சில் சாப்பாடு. கெட்டுப்போகிற பக்கத்தில் இருக்கும் இறைச்சி, தண்ணீர் கலந்த பீர், சந்தையைவிடக் கூடின விலை. வேறு கடை மலைக்கு அப்பால்.

சீட்டைக் காசாக்க வேண்டுமென்றால் வட்டம் கொடுத்து விற்க வேண்டும். இரண்டு ஷில்லிங் சீட்டுக்கு ஒன்றரை ஷில்லிங் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் அதே சீட்டைக் கடையில் முழு மதிப்புக்குக் கொடுத்துச் சாமான் எடுப்பார். குடிசைக்கு வாடகை கொடுக்கவும், வேறு கடையில் குடிக்கவும் இந்த வழிதான். சம்பள நாளன்று கணக்குப்பிள்ளை ஏட்டைப் புரட்டிச் சீட்டுகளை எல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைக் கையில் வைப்பார். சிலருக்கு மிச்சமே இருக்காது. ஒப்பந்தத்தைக் குறைந்த விலைக்கு எடுத்துவிட்டு, லாபத்தைக் கடையில் பார்த்த குத்தகைக்காரர்களும் உண்டு.

இப்படிக் கூலிக்குப் பதில் சாமான் கொடுப்பதைத் தடுக்க 1831-இலேயே சட்டம் இருந்தது. ஆனால் எந்தெந்தத் தொழிலுக்குப் பொருந்தும் என்று அந்தச் சட்டம் பட்டியல் போட்டது. பட்டியலில் ரயில்பாதை வேலை இல்லை. எழுதும்போது அப்படியொரு பெரும் தொழில் உருவாகவில்லை. பிறகு உருவானபோது யாரும் சேர்க்கவில்லை.

ஆக, அந்தச் சனிக்கிழமை மதுக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு வாரக்கணக்கில் கண்ணில் காணாத ரொக்கம் அன்று மொத்தமாகக் கிடைத்திருக்கிறது, ஏட்டில் கழிந்தது போக. பட்டுவாடாவே பல இடங்களில் மதுக்கடைக்குள் நடக்கும். மூட்டை வியாபாரிக்கும் அது தெரியும். சம்பளத் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு வருகிறவர்களில் அவரும் ஒருவர்.

கடிகாரம் என்னும் உண்டியல்

நேரம் பார்க்க நாவிக்குக் கடிகாரம் தேவையில்லை, கேங்கர் கத்தினால் போதும். குடிசையில் பூட்டு கிடையாது, இருபது முப்பது பேர் ஒரே கூரையின் கீழ் படுப்பார்கள், ஷிஃப்டு முறையில் ஒரே படுக்கையில் ஒருவர் எழுந்ததும் இன்னொருவர் படுப்பதும் உண்டு. அடுத்த மாதம் எந்த மாவட்டத்தில் வேலை என்று தெரியாதவருக்கு வங்கி எதற்கு? கையில் வந்த பணத்தை உடம்போடு வைத்துக்கொள்ளச் சங்கிலி போட்ட கடிகாரம்தான் வழி. நல்ல மாதத்தில் வாங்குவது, கெட்ட மாதத்தில் அடகு வைப்பது. நம் வீடுகளில் ஒரு ஜோடிக் கம்மல் செய்கிற வேலையை அங்கே கடிகாரம் செய்தது. போட்டுக்கொண்டால் மதிப்பு, கழற்றினால் காசு.

திருடனுக்கும் அதே காரணம்தான். சின்னது, எந்த ஊரிலும் விலை போகும், அடகுக்கடைக்காரர் அதிகம் கேள்வி கேட்கமாட்டார். உழைக்கும் ஜனங்களின் திருட்டு வழக்குகளில் கடிகாரம், பூட்ஸ், சட்டை, போர்வை என்று திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

கோர்பிரிட்ஜில் நடந்ததில் ஒரு நுணுக்கம் உண்டு. யாரும் பையில் கைவிடவில்லை. வியாபாரியே எடுத்துக் கொடுத்தார். அப்படியானால் திருட்டா, ஏமாற்றா, வெறும் கடனா? இதே சந்தேகம் இங்கிலாந்தின் நீதிமன்றத்துக்கு 1678-லேயே வந்திருக்கிறது. கடையில் கழுத்துப்பட்டிகளைக் காட்டச் சொல்லி வாங்கி, பேரம் பேசுவதுபோல் பேசிவிட்டு ஓடினார் ஒருவர். பார்க்கக் கொடுத்ததால் பொருள் அவர் வசமாகிவிடாது, அது கடைக்காரரின் உடைமையாகவே இருக்கிறது, ஆகவே திருட்டுதான் என்று தீர்ப்பு. ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு மரபு. ஆனாலும் கையில் வாங்கிப் பார்க்கிற சாமானுக்கு உலகத்தில் எந்தக் கடைக்காரரும் இந்த நியாயத்தைத்தான் சொல்வார்.

நிரூபிப்பதுதான் கஷ்டம். பத்துக் கை மாறிய பொருளில் கடைசிக் கை யாருடையது? மேசையைச் சுற்றி இருந்தவர்கள் வாயைத் திறந்தால்தான் தெரியும். அவர்கள் திறக்கமாட்டார்கள். வியாபாரி வெளியாள். விலையை ஏற்றிச் சொல்கிறவர், சம்பள நாளுக்கு மட்டும் முகம் காட்டுகிறவர். அவரிடமிருந்து ஒன்றைச் சுட்டால் விளையாட்டு, கூட்டாளியின் பெட்டியிலிருந்து சுட்டால் துரோகம். இந்த இரட்டைக் கணக்கு அந்தக் கூட்டத்தில் இருந்தது என்றே நினைக்கிறேன். அதை நான் நியாயப்படுத்தவில்லை. வியாபாரிக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

சட்டத்தில் இல்லாத சில்லறை

‘சில்லறைத் திருட்டு’ என்று தலைப்பில் போட்டிருக்கிறேன், ஆனால் விக்டோரியா பட்டத்துக்கு வந்த 1837-இல் இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. 12 பென்ஸுக்கு மேலே பெரிய திருட்டு, கீழே சின்னத் திருட்டு என்ற பழைய பிரிவை 1827-இலேயே எடுத்துவிட்டார்கள். சாதாரணத் திருட்டு என்ற ஒரே பெட்டிக்குள் ஒரு ஜோடி காலுறையும் வரும், ஒரு வெள்ளித் தட்டும் வரும். தண்டனை கடல் தாண்டி ஏழு வருட நாடுகடத்தல்வரை போகலாம்.

நடைமுறை இதைவிட மோசம். வருடத்துக்கு நான்கு முறை கூடும் காலாண்டு நீதிமன்றத்தில், ஜூரி முன்னால்தான் விசாரணை. அதுவரை பிணை கொடுக்க ஆள் இல்லாதவர் சிறையில் காத்திருக்க வேண்டும். நாவிக்குப் பிணை கொடுக்க யார் வருவார்? 1855-இல்தான் 5 ஷில்லிங்குக்கு உட்பட்ட திருட்டை, குற்றம் சாட்டப்பட்டவர் சம்மதித்தால், உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளே விசாரித்து மூன்று மாதம்வரை தண்டிக்கலாம் என்று ஆனது.

பறிகொடுத்தவருக்கும் அலைச்சல்தான். இங்கிலாந்தில் பெரும்பாலும் வழக்கை நடத்த வேண்டியவர் பறிகொடுத்தவரே. பூட்ஸ் போனதற்கு வேலையை விட்டு மாவட்டத் தலைநகருக்கு நடந்து போய், சாட்சி கூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஸ்காட்லாந்தில் புரொக்யுரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு அதிகாரி வழக்கை எடுத்துக்கொள்வார். கோர்பிரிட்ஜ் மூட்டை வியாபாரிக்கு அந்த அளவில் அதிர்ஷ்டம்.

இன்னொரு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1823-ஆம் ஆண்டின் எஜமான்-வேலைக்காரர் சட்டப்படி, ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டுப்போகிற தொழிலாளிக்கு மூன்று மாதம்வரை கடுங்காவல். கூலியைக் கொடுக்காத எஜமானுக்குச் சிறை கிடையாது, அவர்மேல் வழக்குப் போட்டு வசூலித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருமே கொடுத்த வாக்கை மீறியவர்கள், ஆனால் கம்பி எண்ணுவது ஒருவர் மட்டும்.

குடிசைக்குள் போகும் சாமான்

வெளியாளிடம் கைவைப்பது ஒரு ரகம். நாவிகளின் வாழ்க்கையை உண்மையில் கசப்பாக்கியது இன்னொரு ரகம், தங்களுக்குள்ளேயே நடந்தது. ஒருவருடைய கதையாக இல்லாமல், இந்த மாதிரி வழக்குகளில் பொதுவாக வரும் வடிவத்தைச் சொல்கிறேன்.

குளிர்கால விடியல். ஒருவர் எழுந்து காலை நீட்டித் துழாவுகிறார், பூட்ஸைக் காணோம். பக்கத்துப் படுக்கையும் காலி. நேற்று வந்து சேர்ந்தவர், ‘யார்க்ஷயர்’ ஏதோ ஒன்று பட்டப்பெயர், இரவோடு இரவாகப் போயிருக்கிறார். குடிசைக்கார அம்மாவுக்கு இரண்டு வாரத் தங்கல் பாக்கி. கடைக்கும் பாக்கி. அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார். பூட்ஸ் போனவருக்கு அன்றைய கூலி போயிற்று, ஆணிப் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்க முடியாது. போலீஸுக்குச் சொல்ல அடையாளம் என்ன இருக்கிறது? வெள்ளைத் தொப்பி, மோல்ஸ்கின் கால்சட்டை. பாதையில் உள்ள அத்தனை பேருக்கும் அதே அடையாளம். பேர்? பேர் இல்லை. அவர் அடுத்த மாவட்டத்தில் புதுப் பட்டப்பெயரோடு வேலைக்குச் சேர்ந்து, திருடிய பூட்ஸைப் போட்டுக்கொண்டே மண் வெட்டிக்கொண்டிருப்பார்.

பாக்கி வைத்துவிட்டுக் கம்பி நீட்டுவதை நாவிகள் ‘ஸ்லோப்’ என்பார்கள், அப்படிப் போனவர் ‘ஸ்லோப்பர்’. வியாபாரியிடம் கடிகாரம் சுட்டவருக்குக் கிடைக்காத வெறுப்பு ஸ்லோப்பருக்குக் கிடைத்தது. குடிசை நடத்துபவர் பெரும்பாலும் இன்னொரு நாவியின் மனைவி, அல்லது சுரங்கத்தில் செத்துப்போன நாவியின் விதவை. அவர் அடுப்பில் கைவைப்பது தங்கள் அடுப்பில் கைவைப்பது. பிடிபட்டால் நீதிமன்றம்வரை போகாமல் கைகளாலேயே தீர்ப்பு முடிந்துவிடும். இதனாலும்தான் பழைய நீதிமன்ற ஏடுகளை மட்டும் வைத்துக்கொண்டு இவர்கள் எவ்வளவு திருடினார்கள் என்று கணக்குப் போடுவது வீண் வேலை.

வேலைத்தலத்திலிருந்து மெழுகுவர்த்தி, கயிறு, மரத்துண்டு, நிலக்கரி எல்லாம் குடிசைக்கு வருவது வேறு. குளிருக்குக் கொஞ்சம் கரி எடுத்தால் அதை எடுப்பவர் திருட்டாக நினைக்கமாட்டார், குத்தகைக்காரர் நினைப்பார். பிக்காசு, மண்வெட்டி போனால் அப்படி இல்லை. தன் மண்வெட்டியை வைத்துத்தான் அவர் பிழைக்கிறார்.

முயல் விஷயத்தில் நாவிக்கும் அந்தப் பக்கத்துப் பண்ணையாளுக்கும் ஒரே கருத்து: காட்டில் ஓடுவதற்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. நிலப்பிரபுக்களுக்கு வேறு கருத்து, 1828-ஆம் ஆண்டின் இரவு வேட்டைச் சட்டம் அவர்கள் கையில் இருந்தது. நாயும் கண்ணியும் வைத்திருக்கும் நூறு பேர் திடீரென்று எஸ்டேட் ஓரத்தில் குடியேறினால் மாஜிஸ்திரேட்டுக்குத் தூக்கம் வருமா? அந்த மாஜிஸ்திரேட்டே பல இடங்களில் அந்த எஸ்டேட்டின் சொந்தக்காரர். நாவிகள் திருடர்கள் என்ற பேர் பரவியதில் கோழியையும் முயலையும் இழந்தவர்களின் பங்கு பெரிது. கோழி போனது நிஜமாகவும் இருக்கலாம். அதற்கு முன்பும் அந்த ஊரில் கோழி போயிருக்கும் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

அந்த இரவும் திங்கட்கிழமையும்

கோர்பிரிட்ஜுக்குத் திரும்புவோம். இரண்டு பேரை அடைத்தாயிற்று. செய்தி கிரைட்டன், போர்த்விக் பக்கத்துக் குடிசைகளுக்கு எட்டியது. நள்ளிரவு கடந்து நூற்றுக்கணக்கான ஐரிஷ்காரர்கள் பிக்காசுக் காம்புகளோடு ஊருக்குள் இறங்கினார்கள். கிராமக் காவல் நிலையத்தில் இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். கதவு உடைந்தது, கைதிகள் வெளியே வந்தார்கள்.

அதோடு குடிசைக்குப் போயிருந்தால் மறுநாள் சிரித்துப் பேசிக்கொள்ளும் கதையாக முடிந்திருக்கும். திரும்பும் வழியில் ஃபுஷிபிரிட்ஜ் அருகே ரோந்து வந்த இரண்டு போலீஸ்காரர்கள் எதிர்ப்பட்டார்கள். ஒருவர் தப்பி ஓடினார். ரிச்சர்ட் பேஸ் என்பவர் மாட்டிக்கொண்டார். அவருக்கும் கடிகாரத்துக்கும், அந்தக் கைதுக்கும்கூட, ஒரு சம்பந்தமும் இல்லை. போலீஸ் உடுப்பில் இருந்ததுதான் குற்றம். தலையில் விழுந்த அடிகளாலேயே அவர் இறந்தார்.

இந்தக் கட்டத்தில் கூலி, சீட்டு, டாமி ஷாப் என்று நான் அடுக்கியதெல்லாம் கொஞ்சம் பின்னால் நிற்கட்டும். ஒருவரைச் சூழ்ந்துகொண்டு அடித்துக் கொன்றதற்கு மாதச் சம்பளத்தைக் காரணம் காட்ட முடியாது.

திங்கட்கிழமை ஸ்காட்டிஷ் நாவிகளும் ஆங்கிலேய நாவிகளும் டால்கீத், நியூபாட்டில் வட்டாரத்திலிருந்து திரண்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல். போலீஸ்காரர் செத்ததற்குப் பழி என்று சொல்லிக்கொண்டார்கள். முந்தின வாரம்வரை போலீஸ் என்றாலே காறித் துப்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். ஐரிஷ்காரர்களை விரட்ட ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது. எதிரே வரும் கூட்டத்தின் அளவைப் பார்த்து ஐரிஷ்காரர்கள் ஓடினார்கள். குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. எடின்பரோவிலிருந்து போலீஸும் குதிரைப்படையும் வந்து சேர்ந்தபோது எரிய வேண்டியது எரிந்திருந்தது.

குடிசைகளில் இருந்தவர்களில் எத்தனை பேர் அந்த மதுக்கடைக்குப் போயிருப்பார்கள்? கடிகாரத்தைத் தொட்ட கைகள் சில. கூரை இழந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள்.

போலீஸ் ஏற்பாட்டின் லட்சணமும் இதில் தெரிகிறது. பொதுப்பணி நடக்கும் இடத்தில் கூடுதல் காவலர்களை நியமித்து, செலவைக் கம்பெனியிடம் வாங்கலாம் என்று இங்கிலாந்துக்கு 1838-இலும் ஸ்காட்லாந்துக்கு 1845-இலும் சட்டம் வந்திருந்தது. அந்தச் சட்டங்களின் கணக்கில் ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரு காவல் பிரச்சினை. சம்பளம் எங்கே, எப்போது, எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று பார்ப்பது அவற்றின் வேலை இல்லை.

அதே வருடம், லண்டனில்

அதைப் பார்க்க ஒரு நாடாளுமன்றக் குழு அதே 1846-இல் அமர்ந்தது. உட்ஹெட் சுரங்கத்தில் நடந்த சாவுகளையும் ஊனங்களையும் பற்றி மான்செஸ்டர் மருத்துவர் ஜான் ராபர்ட்டனும் சமூகச் சீர்திருத்தக்காரர் எட்வின் சாட்விக்கும் கிளப்பிய விவகாரத்தின் விளைவு அது. எட்வர்ட் பூவரி தலைவர். சாட்சி சொன்னவர்களில் கோர்பிரிட்ஜ் அடங்கிய மாவட்டத்தின் ஷெரிஃப் (ஸ்காட்லாந்தில் மாவட்ட நீதிபதி) கிரகாம் ஸ்பியர்ஸும் ஒருவர். குத்தகைக்காரர் சாமுவேல் மோர்ட்டன் பீட்டோ, நான் வாரா வாரம் ரொக்கமாகக் கொடுக்கிறேன், டாமி ஷாப் வைத்துக்கொள்வதில்லை என்றார். ஆக, அது முடியாத காரியம் இல்லை.

உட்ஹெட்டின் பொறியாளர்களில் ஒருவரான வெலிங்டன் பர்டன் சொன்னதை எத்தனை முறை படித்தாலும் எனக்குப் பழகவில்லை. வெடிவைக்கப் பாதுகாப்பான திரி இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்டார்கள். அதனால் நேரம் வீணாகும், மிஞ்சும் உயிர்களுக்காக அந்த நேரத்தை இழக்க நான் சிபாரிசு செய்யமாட்டேன் என்பது அவர் பதில். திருட்டைப் பற்றிப் பேசும் கட்டுரையில் இதற்கென்ன வேலை என்று தோன்றலாம். நாவிகளின் ஒழுக்கக்கேடு பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த அதே மாதங்களில் இதுவும் அச்சாகிக்கொண்டிருந்தது என்பதற்காகச் சொன்னேன்.

ஜூலையில் குழு அறிக்கை கொடுத்தது. வாரச் சம்பளம், ரொக்கமாக. சாமான் கூலித் தடைச் சட்டத்தை ரயில்பாதை வேலைக்கும் விரிக்க வேண்டும். விபத்துக்கு முதலாளி பொறுப்பேற்க வேண்டும். நாடாளுமன்றம் எதையும் சட்டமாக்கவில்லை. சாமான் கூலித் தடை எல்லா உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும் விரிந்தது 1887-இல், 41 வருடம் கழித்து.

கோர்பிரிட்ஜ் வழியாக ரயில் 1847-இல் ஓடத் தொடங்கியது, ஹாயிக் வரை 1849-இல். அதற்குள் ரயில் பைத்தியம் தெளிந்து, கம்பெனிகள் நொடித்து, பாதி வேலைகள் நின்றிருந்தன. பிக்காசு பிடிப்பவருக்கு 1846-இல் 24 ஷில்லிங்காக இருந்த வாரக் கூலி 1849-இல் 18. மண் அள்ளிப் போடுபவருக்கும் கூலி இறங்கியிருந்தது. நல்ல மாதத்தில் மதுக்கடையில் காசு கொடுத்துக் கடிகாரம் வாங்கியவர்கள் அதைச் சங்கிலியோடு கழற்றி அடகுக்கடைப் பலகையில் வைக்கும் பருவம் வந்திருந்தது.